விலைக்குப் பக்கத்தில் கார்பன்: செலவு மேலாண்மை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு

கட்டுமானச் செலவு மேலாண்மை நிறுவனத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்று டிஜிட்டல், இன்னொன்று நிலைத்தன்மை, அதாவது சுற்றுச்சூழல்மேல் ஏறும் சுமையைக் குறைப்பது. இரண்டுக்கும் தனிக் குழு, தனிப் பயிற்சி, தனி மென்பொருள் என்று நிறுவனம் பிரித்தே வைத்திருக்கலாம். ஆனால் வேலை செய்கிற மேசையில் அவை பிரிவதில்லை. ஒரு தூணில் எத்தனை கனமீட்டர் கான்கிரீட் என்ற ஒரே எண்ணிலிருந்துதான் அதன் விலையும் வருகிறது, கார்பனும், அதாவது அந்தக் கான்கிரீட்டால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடின் அளவும் வருகிறது. அந்த எண் தப்பினால் இரண்டும் தப்பும். அதனால் மென்பொருள் பட்டியலைப் பிறகு பார்க்கலாம், முதலில் அளவைப் பார்ப்போம்.

"கார்பன் கணக்கெல்லாம் சுற்றுச்சூழல் ஆலோசகர் பாடு, நமக்கு விலை போதும்" என்று சொல்லும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் தந்த கணக்கின்படி, 2021இல் எரிசக்தியாலும் தொழிற்சாலைச் செயல்முறைகளாலும் உலகில் வெளியான கார்பன் டை ஆக்சைடில் சுமார் 37 சதவீதம் கட்டடங்களையும் கட்டுமானத்தையும் சேர்ந்தது. அதில் பொருள்களின் பங்கைக் கணக்கிட அளவு வேண்டும். அளவு இருப்பதோ நம்முடைய பி.ஓ.க்யூ.வில், அதாவது வேலைகளையும் அவற்றின் அளவுகளையும் வரிவரியாகச் சொல்லும் பட்டியலில். தொழில்முறை அமைப்புகளும் இதை ஒப்புக்கொண்டுவிட்டன. ஐ.சி.எம்.எஸ். என்னும் சர்வதேசச் செலவு மேலாண்மைத் தரநிலை 2017இல் கட்டுமானச் செலவோடு தொடங்கியது. 2019இல் ஆயுட்காலச் செலவைச் சேர்த்துக்கொண்டது. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பில் கார்பன் உமிழ்வும் அதே வகைப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஒரே குறியீட்டின் கீழ் விலை ஒரு நெடுவரிசை, கார்பன் இன்னொரு நெடுவரிசை. அவ்வளவுதான் விஷயம்.

எந்த வரைபடம், எந்த அளவுகோல்

எந்த மென்பொருளைத் திறப்பதற்கு முன்பும் ஒரு கேள்வி கேளுங்கள்: கையில் இருப்பது எந்தத் திருத்தம்? திட்டத்தின் கோப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் வைப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 19650 என்ற சர்வதேசத் தரநிலை சொல்லும் பொதுத் தரவுச் சூழலில், அலுவலகப் பேச்சில் சி.டி.இ., ஒவ்வொரு கோப்பும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: வேலை நடப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகத்துக்குப் போனது. மின்னஞ்சலில் வந்த வரைபடத்திலிருந்து அளவெடுக்காதீர்கள். அனுப்பியவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார், ஆனால் அவர் கையில் இருந்ததே பழையதாக இருக்கலாம். சி.டி.இ.யிலிருந்து நீங்களே இறக்கி, திருத்த எண்ணையும் தேதியையும் அளவுத் தாளின் தலையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது அளவுகோல். ஏ1 தாளில் 1:100 என்று வரைந்ததை ஏ3க்குச் சுருக்கிப் பி.டி.எஃப். ஆக்கினால் அது 1:200 ஆகிவிடும். தலைப்புப் பெட்டியில் மட்டும் 1:100 என்றே நிற்கும். அதை நம்பித் திரையில் அளந்தால் நீளம் பாதியாகும், பரப்பு கால்வாசியாகும். வரைபடத்தில் எழுதியிருக்கும் ஏதாவது ஒரு நீளத்தை, தூணுக்குத் தூண் 8000 என்பதுபோல, முதலில் அளந்து பாருங்கள். 8 மீட்டர் வந்தால் சரி, மேலே போகலாம். பத்து விநாடி வேலை. பக்கத்துக்குப் பக்கம் செய்யுங்கள், ஏனென்றால் ஒரே கோப்பில் ஒரு பக்கம் மட்டும் வேறு அளவுகோலில் இருப்பது அபூர்வமில்லை.

மாடல் சொல்வதை ஒரு கட்டத்தை வைத்துச் சோதியுங்கள்

பிம் மாடலிலிருந்து, அதாவது கட்டடத்தின் ஒவ்வொரு கூறையும் அதன் தகவலோடு முப்பரிமாணத்தில் வரைந்த கோப்பிலிருந்து, அளவு தானாக வரும் என்று சொல்வார்கள். வரும். எது வருகிறது என்பதுதான் கேள்வி. மாடலை வரைந்தவர் கட்டடம் எப்படித் தெரியும், எப்படி நிற்கும் என்று யோசித்து வரைந்திருப்பார். நாம் காசு கொடுக்கும் விதத்தில் அளப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நான் மாடலிலிருந்து முதன்முதலாக எடுத்த ஸ்லாப் கணக்கு இன்னும் நினைவிருக்கிறது. அட்டவணையை அப்படியே எக்செலுக்கு ஏற்றி, அழகாக வண்ணம் பூசி, மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் திரையைப் பார்க்கவேயில்லை.

"ஒரே ஒரு கட்டத்தைக் கால்குலேட்டரில் போட்டுக் காட்டு" என்றார்.

"சார், இது மாடல்லேர்ந்து நேரா எடுத்தது."

"அதனாலதான் கேக்கறேன்."

போட்டோம். தூண்களுக்கு நடுவே 8 மீட்டருக்கு 8 மீட்டர் கட்டம், 200 மி.மீ. ஸ்லாப்: 12.80 கனமீட்டர். கட்டத்துக்கு இரண்டு பீம், ஒவ்வொன்றும் 300க்கு 600. ஸ்லாபுக்குக் கீழே தொங்கும் 400 மி.மீ. ஆழத்தை மட்டும் எடுத்தால் பீம் ஒன்றுக்கு 0.96, இரண்டுக்கு 1.92. மொத்தம் 14.72. மாடல் சொன்னதோ 15.68. பீமை 600 முழு ஆழத்துக்கும் வரைந்து, ஸ்லாபோடு இணைக்காமல் விட்டிருந்தார்கள். பீம் ஸ்லாபுக்குள் நுழையும் இடத்துக் கான்கிரீட் இரண்டு தடவை கணக்கில் ஏறியிருந்தது. (பீமும் பீமும் வெட்டிக்கொள்ளும் மூலையை இங்கே விட்டுவிட்டேன். அது சின்னது.) வித்தியாசம் கட்டத்துக்கு 0.96 கனமீட்டர், கிட்டத்தட்ட ஆறரை சதவீதம். அறுபது கட்டம் இருந்தால் 57 கனமீட்டருக்கு மேல். கனமீட்டருக்கு 300 கிலோ கார்பன் என்று வைத்தால், இல்லாத கான்கிரீட்டுக்காக 17 டன் கார்பனையும் அறிக்கையில் ஏற்றியிருப்போம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாடலிலும் நான் செய்வது இதுதான்: ஒரு வழக்கமான கட்டம், ஒரு மூலை, ஒரு படிக்கட்டு. மூன்றையும் கையால் போட்டு மாடலோடு ஒப்பிடுவேன். பொருந்தாவிட்டால் காரணம் தெரியும்வரை நகரமாட்டேன். வழக்கமான காரணங்கள்: ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுவர், பொருள் பெயர் போடாத கூறு, பூச்சையும் சேர்த்து ஒரே தடிமனாக வரைந்த சுவர். அப்புறம் அளவு விதிகள். சிறிய துளைகளைக் கழிக்காதே, கான்கிரீட்டிலிருந்து கம்பியின் கொள்ளளவைக் கழிக்காதே என்று அவை சொல்லும். மாடலோ வரைந்ததை வரைந்தபடி கழித்துவிடும். எந்த விதிப்படி அளந்தீர்கள் என்பதைத் தாளில் எழுதாமல் விட்டால், மூன்று மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

மாடலில் இல்லாதவற்றுக்கு ஒரு தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங், மண் வெட்டுதல், நீர்க்கசிவுத் தடுப்பு, தற்காலிக முட்டு. இவற்றை யாரும் வரைவதில்லை.

கார்பன் நெடுவரிசையைச் சேர்ப்பது

முடிந்துபோன ஒரு திட்டத்தின் பி.ஓ.க்யூ.வை எடுத்துப் பழகுங்கள். புதிய திட்டத்தில் பழக வேண்டாம், யாராவது அந்த எண்ணை அறிக்கையில் போட்டுவிடுவார்கள். தொகையின்படி இறங்குவரிசையில் அடுக்கி மேலே உள்ள பத்து, பதினைந்து வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தளம், சட்டகம், வெளிச்சுவர் ஆகியவைதான் பெரும்பாலும் வரும். கதவுக் கைப்பிடியின் கார்பனைத் தேடி ஒரு நாளைச் செலவழித்தவரை எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தின் அடித்தளக் கணக்கு அப்போது காலியாக இருந்தது.

இரண்டு வரையறைகளைத் தெரிந்துகொண்டால் மிச்சம் எளிது. ஐரோப்பிய ஈ.என். 15978 தரநிலை கட்டடத்தின் வாழ்நாளை எழுத்துகளால் பிரிக்கிறது. ஏ1 முதல் ஏ3 வரை பொருளைத் தயாரிப்பது, ஏ4 சைட்டுக்குக் கொண்டுவருவது, ஏ5 கட்டுவது, பி வரிசை பயன்பாடு, சி வரிசை இடிப்பும் அகற்றலும், டி அதற்கு அப்பால் மறுபயன்பாட்டால் கிடைக்கும் பலன். யாராவது ஒரு கார்பன் எண்ணைச் சொன்னால் "எதிலிருந்து எதுவரை?" என்று கேளுங்கள். இரண்டாவது ஈ.பி.டி., அதாவது தயாரிப்பாளர் தன் பொருளுக்கு வெளியிடும் சுற்றுச்சூழல் அறிவிப்பு. வெளியாள் சரிபார்த்தது, வழக்கமாக ஐந்து ஆண்டுக்குச் செல்லும். உங்கள் பொருளுக்கே ஈ.பி.டி. இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் தொழில்துறைச் சராசரி, அதுவும் இல்லாவிட்டால் பாத் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஐ.சி.இ. போன்ற பொதுத் தரவுத்தளம். ஈ.சி.3 என்ற இலவசக் கருவியில் ஈ.பி.டி.களைத் தேடி ஒப்பிடலாம்.

பிறகு பெருக்கல். இங்கேதான் செலவுக் கணக்கில் ஊறியவர்களே வழுக்கி விழுகிறார்கள்.

முதல் பள்ளம் அலகு. பி.ஓ.க்யூ.வில் கம்பி டன்னில், சுவர் சதுர மீட்டரில், கதவு எண்ணிக்கையில். கார்பன் எண்ணோ பெரும்பாலும் கிலோவுக்கு. கான்கிரீட் என்றால் கனமீட்டருக்கு 2400 கிலோ, இரும்பு என்றால் 7850 என்று மாற்றிவிடலாம். வெப்பக்காப்புப் பலகை போன்றவற்றில் கவனம் வேண்டும். ஈ.பி.டி. 100 மி.மீ. தடிமனுள்ள ஒரு சதுர மீட்டருக்குச் சொல்லும், நம் சுவரில் 150. ஒன்றரையால் பெருக்கினால் போதுமா? உள்ளே இருக்கும் பொருளுக்குப் போதும். மேலே ஒட்டிய தாள் தடிமனோடு வளர்வதில்லை.

இரண்டாவது பள்ளம் சேதாரம், இது அதிகம் கண்ணில் படாதது. பி.ஓ.க்யூ.வில் நாம் அளப்பது கட்டி முடித்த நிலையில் இருக்கும் நிகர அளவு. வெட்டு, உடைப்பு, சிந்தல் எல்லாம் கான்ட்ராக்டர் தரும் விலைக்குள் அடங்கிவிடும். செலவுக்கு அது போதும். கார்பன் எண்ணில் அப்படி எதுவும் அடங்கியிருக்காது. 1000 சதுர மீட்டர் ஓடு பதிக்க 1100 வாங்கினால், 1100க்கும் தொழிற்சாலை எரிபொருள் எரித்திருக்கிறது. எனவே நிகர அளவைச் சேதார விகிதத்தால் தனியாக உயர்த்தி, அந்த விகிதத்தையும் ஒரு நெடுவரிசையில் காட்டுங்கள்.

மூன்றாவது, அளவே இல்லாத வரிகள். குளிர்சாதனம், மின்சாரம், லிஃப்ட் எல்லாம் ஒரு மொத்தத் தொகையாக உட்கார்ந்திருக்கும். தொகைக்கு விலை உண்டு, எடை கிடையாது. அங்கே கார்பன் கட்டம் காலியாக இருக்கும், கூட்டும்போது பூஜ்யமாகப் போய்விடும். காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக விடாதீர்கள், "கணக்கிடவில்லை" என்று எழுதுங்கள். ஆர்410ஏ என்ற குளிரூட்டி வாயு ஒரு கிலோ கசிந்தால் 2088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று கணக்கிடுகிறார்கள். 10 கிலோ கசிந்தால் ஏறக்குறைய 21 டன், மேலே சொன்ன விகிதத்தில் 70 கனமீட்டர் கான்கிரீட். மொத்தத் தொகையாக விட்ட வரிக்குள் இவ்வளவு ஒளிந்திருக்கலாம்.

மரத்துக்கு ஒரு எச்சரிக்கை. வளரும்போது மரம் கார்பனை இழுத்துக்கொள்வதால் ஏ1 முதல் ஏ3 வரை அதன் எண் எதிர்மறையாகக்கூட வரும். இறுதியில் எரித்தாலோ மக்கினாலோ அது சி வரிசையில் திரும்ப வருகிறது. முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து இரும்போடு ஒப்பிட்டு விளம்பரம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் ஈ.பி.டி.யைக் காட்டுவார்கள், எண்ணும் அதில் இருக்கும்.

மாற்று யோசனை வரும்போது

கணக்குப் போடுவது பாதி வேலைதான். "சிமெண்டில் பாதியை ஸ்லாக்காக மாற்றினால் என்ன?" என்று யாராவது கேட்கும்போதுதான் செலவு ஆள் எதற்கு என்பது தெரியும். ஸ்லாக் என்பது இரும்பு உருக்கும் உலையின் துணைப்பொருள். அரைத்துச் சேர்த்தால் கான்கிரீட்டின் கார்பன் நன்றாகக் குறையும், ஏனென்றால் சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கரைச் சூளையில் சுடும்போது எரிபொருள் மட்டும் புகை விடுவதில்லை, சுண்ணாம்புக்கல்லே உடைந்து கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. சூரிய மின்சாரத்தில் சூளையை ஓட்டினாலும் அந்தப் பங்கு போகாது.

சரி, விலை? கனமீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு "வித்தியாசம் இல்லை" என்று பதில் அனுப்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்லாக் கலந்த கான்கிரீட் தொடக்கத்தில் மெதுவாகத்தான் பலம் பெறும், குளிரில் இன்னும் மெதுவாக. சென்ட்ரிங் பிரிக்க மாடிக்கு மூன்று நாள் கூடினால், பத்து மாடிக்கு முப்பது நாள். அந்த முப்பது நாளும் கிரேன் வாடகை, சைட் அலுவலகம், மேற்பார்வையாளர் சம்பளம் ஓடும். இது கான்கிரீட் வரியில் தெரியாது, சைட்டை நடத்தும் பொதுச் செலவுகள் அடங்கிய பிரிலிம்ஸில் தெரியும். ஆனால் அடித்தளத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன்மேல் முழுப் பாரம் ஏறுவதற்குள் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. 28 நாள் பலத்துக்குப் பதில் 56 நாள் பலத்தைக் கேட்கலாமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், சிமெண்டைக் குறைக்க இன்னும் இடம் கிடைக்கும். அடித்தளத்தில் நிறைய ஸ்லாக், மாடி ஸ்லாப்களில் குறைவாக என்று பிரித்துக் கொடுத்த விடைதான் என் அனுபவத்தில் அதிகம் ஏற்கப்பட்டது.

இருந்தாலும் ஸ்லாக் உலகில் அளவோடுதான் கிடைக்கிறது. நீங்கள் எடுத்தால் இன்னொரு சைட்டுக்கு இல்லை. அதனால் பொருளை மாற்றுவதற்கு முன் பொருளைக் குறைக்க முடியுமா என்று கேட்பதே முறை. தூண் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தால் ஸ்லாப் மெலியும், ஒரு அடித்தள மாடியைத் தவிர்த்தால் தோண்டலும் தாங்குசுவரும் போகும். அந்தக் கேள்விகளை முதல் வரைவுக் கட்டத்திலேயே கேட்க வேண்டும். டெண்டர் போன பிறகு கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆயுட்காலக் கணக்கு

தரைவிரிப்பு ஒன்று சதுர மீட்டருக்கு 100 அலகு, பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கல்தரை 220 அலகு, முப்பது ஆண்டு தாங்கும். முப்பது ஆண்டுக்கு வெறுமனே கூட்டினால் 300க்கு 220, கல் ஜெயிக்கிறது. வருங்காலச் செலவை 5 சதவீதத் தள்ளுபடி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் விரிப்பு 100 + 61.39 + 37.69, அதாவது சுமார் 199. இப்போது விரிப்பு ஜெயிக்கிறது. விகிதத்தை 3 ஆக்குங்கள்: 100 + 74.41 + 55.37, சுமார் 230. மறுபடியும் கல்.

பொருள் மாறவில்லை, தரை மாறவில்லை, ஒரு விகிதம் மாறியதில் முடிவு புரண்டுவிட்டது. அதனால் தள்ளுபடி விகிதத்தை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள். வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், இரண்டு விகிதத்திலும் முடிவைக் காட்டுங்கள். கார்பனைப் பொதுவாக இப்படித் தள்ளுபடி செய்வதில்லை. மூன்று முறை விரிப்பு போட்டால் மூன்று முறை கார்பன்.

கருவிகள்

மாடலுக்கு ரெவிட், அளவெடுக்கக் காஸ்ட்எக்ஸ், புளூபீம், கார்பனுக்கு ஒன் கிளிக் எல்.சி.ஏ., அறிக்கைக்குப் பவர் பி.ஐ. உங்கள் நிறுவனம் எதை வாங்கியிருக்கிறதோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று தெரிந்தால் மற்றது இரண்டு வாரம். எக்செல் மட்டும் எங்கும் இருக்கும், அதில் நடக்கும் விபத்தும் எங்கும் ஒன்றே: கூட்டல் சூத்திரம் 120ஆம் வரிசையோடு நிற்கும், 121இல் அவசரமாகச் சேர்த்த லிஃப்ட் குழிக் கான்கிரீட் எதிலும் சேராது. சூத்திரம் இருந்த கட்டத்தில் யாரோ எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டுப் போயிருப்பதும் உண்டு. அனுப்புவதற்கு முன் சூத்திரங்களைக் காட்டும் நிலைக்கு மாற்றி ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.

செயற்கை நுண்ணறிவு பி.டி.எஃப்.பிலிருந்து அறைகளை எண்ணித் தருகிறது, விவரணைகளை எழுதித் தருகிறது. பயன்படுத்துங்கள். அளவுகோலை அது சரிபார்த்ததா என்று நீங்கள் சரிபாருங்கள். கார்பன் எண் கேட்டால் கூசாமல் ஒன்றைச் சொல்லும், அதற்கு ஈ.பி.டி. எண் எது என்று கேட்டால் அதையும் புனையக்கூடும். வாடிக்கையாளரின் விலைப்பட்டியலைப் பொதுச் சேவைகளில் ஏற்றுவதற்கு முன் நிறுவனத்தின் அனுமதி கேளுங்கள்.

முடிந்த திட்டத்தை மூடும்போது

நிறுவனத்தின் உண்மையான சொத்து பழைய திட்டங்களின் கணக்குதான், அது பெரும்பாலும் ஆளுக்கொரு வடிவத்தில் கிடக்கும். புதியவரிடம் முதலில் கொடுக்கும் வேலையும் அதைச் சீர்செய்வதுதான். சலிக்காதீர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் அடிப்படைத் தேதி, இடம், மொத்தத் தளப்பரப்பு, பரப்பை அளந்த விதி, எவை சேர்ந்தன, எவை சேரவில்லை என்பவற்றைப் பதியுங்கள். தேதி இல்லாத விலை எதற்கும் உதவாது. கார்பன் எண்ணுக்கும் அப்படியே ஈ.பி.டி. எண்ணும் காலாவதித் தேதியும் வேண்டும்.

இறுதிக் கணக்கு தீரும் நேரத்தில் கான்ட்ராக்டரிடம் கான்கிரீட், கம்பி இரண்டின் டெலிவரி சலான்களைக் கேட்டு வாங்குங்கள். கம்பி மின்வில் உலையில் பழைய இரும்பிலிருந்து வந்ததா, ஊது உலையில் தாதுவிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து அதன் கார்பன் இரண்டு மூன்று மடங்கு வேறுபடலாம். சலானில் இருக்கும் ஆலையின் பெயரை வைத்துத்தான் பிற்பாடு அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். சைட் அலுவலகத்தைக் காலி செய்யும் அன்று சலான் கட்டுகள் குப்பையோடு போய்விடும், அதற்கு ஒரு வாரம் முன்பே போய் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.